கல் தூணுக்கு உயிருண்டோ?

நம் வீடுகளில் நிழற்படங்களுக்குக் குறைவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் உண்டு, மணமேடை உண்டு, புதுமனை புகுவிழா உண்டு, அமைச்சர் ஒருவருக்கு வாப்பா பொன்னாடை போர்த்தும் காட்சி சட்டமிடப் பெற்றுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. ஆனால், அந்த வாப்பாவைப் பெற்றவர் எந்தத் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தார், எந்த ரயிலடியில் மூட்டையோடு இறங்கினார், எந்தக் கல்லுப்பள்ளியின் தூணருகே அமர்ந்து திருக்குர்ஆன் ஓதினார் என்று பேரப்பிள்ளை வினவினால், எடுத்துக் காட்ட ஒரு படம் உண்டா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. உழைப்பின் படம் இல்லை. வந்து போன வழியின் படம் இல்லை. நின்று தொழுத இடத்தின் படம் இல்லை.

இந்த வறுமைக்குக் காரணமானோர் இரு சாரார். நிழற்படம் என்றாலே முகம் சுளித்துத் தடுத்த மார்க்கக் கல்வியாளர் ஒரு சாரார். கையில் கருவி இருந்தும் விருந்தையும் விழாவையுமே படமெடுத்துக் களிக்கும் வசதி படைத்தோர் மற்றொரு சாரார். இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டிப்பர். ஆனால் இருவர் செயலின் விளைவும் ஒன்றே. இவர்களுள் முதற்சாராரைச் சேர்ந்தவனாக நானும் இருந்தேன். ஆகவே பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுதலே முறையாகும்.

1998-ஆம் ஆண்டு. திருவாரூர் – காரைக்குடி ரயில்பாதையை ஒட்டிய கடற்கரையூர் ஒன்றின் மதரஸாவில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். என் மாணவன் ஒருவனுக்குப் பதினாறு வயது. வளைகுடாவில் பணியாற்றிய அவன் தகப்பனார் விடுமுறையில் வந்தபோது ஒரு கேமராவும் முப்பத்தாறு படங்கள் எடுக்கத்தக்க ஒரு சுருளும் கொண்டு வந்து கொடுத்தார். பையன் வேறு எதையும் தேடிப் போகவில்லை. ஊரின் பழைய பள்ளிவாசலுக்குச் சென்று கல் தூண்களையும், தட்டையான கற்கூரையையும், ஹவுலின் படிக்கட்டையும் எடுத்தான். அடுத்து, தெருத் திண்ணையில் பாய் முடைந்துகொண்டிருந்த முதியவரை எடுத்தான். பின்னர் ரயிலடிக்குப் போய், ஓடும் வண்டியின் ஓட்டுநரிடம் பிரம்பு வளையத்தை நீட்டி நின்ற பாயிண்ட்ஸ்மேனை எடுத்தான்.

செய்தி என் காதுக்கு எட்டியது. பையனை அழைத்து, மற்ற மாணவர் முன்னிலையில் கேமராவை வாங்கினேன். உருவம் எடுப்போருக்குரிய எச்சரிக்கைகளை உரத்த குரலில் எடுத்தோதினேன். பிறகு கருவியின் பின்மூடியைத் திறந்து, சுருளை முழம் முழமாய் வெளியே இழுத்து நண்பகல் வெயிலில் போட்டேன். மார்க்கத்திற்குப் பெருந்தொண்டு புரிந்துவிட்டதாக அன்றிரவு நிம்மதியாக உறங்கவும் செய்தேன். அந்தப் பையன் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழிந்து அப்பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. கெட்ட எண்ணத்தால் எவரும் இடிக்கவில்லை; தொழுவோர் பெருகினர், இடம் போதவில்லை, வெளிநாட்டில் உழைத்தவர்கள் வாரி வழங்கினர். மினாராக்களும் குவிமாடமும் கொண்ட புதிய பள்ளி எழுந்தது. பழைய தூண்கள் உடைக்கப்பட்டு அஸ்திவாரத்திற்குள் போயின. அவற்றுள் ஒரு தூணில் தமிழ் எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. அதை நாள்தோறும் கண்டோம். ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை. பள்ளி விளக்கின் எண்ணெய்ச் செலவுக்காகத் தென்னந்தோப்பு ஒன்றை யாரோ ஒரு மூதாட்டி வக்ஃபு செய்தாரென்று ஊர் முதியோர் சொல்வதுண்டு. அந்தத் தோப்பு எது, அந்த மூதாட்டி யார் என்பதை அக்கல் சொல்லியிருக்கலாம், வேறெதையேனும் சொல்லியிருக்கலாம். இனி அறிவதற்கு வழியில்லை. பாய் முடைந்த பெரியவர் மறைந்தார்; அவர் மக்கள் எவரும் அத்தொழிலைத் தொடரவில்லை. 2012-இல் மீட்டர் பாதையில் வண்டிகள் நின்றன. 2019-இல் அகலப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டபோது வளையமும் இல்லை. அதை நீட்டிய கையும் இல்லை.

வெயிலில் நான் எறிந்தது ஒரு சுருள் அன்று. ஓர் ஊரின் சாட்சியம்.

இப்பொழுது மார்க்கச் சட்டத்திற்கு வருவோம். உருவம் சமைப்போரைக் குறித்துப் பெருமானார் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கை கடுமையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே ஹதீது நூல்களில், உருவம் வரைந்து பிழைப்பு நடத்திய ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறியபோது, செய்தே ஆகவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தியும் பதிவாகியுள்ளது. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்களும், தடை உயிருள்ளவற்றின் உருவத்தைப் பற்றியது என்றும், மரம் முதலியன அதில் அடங்கா என்றும் தெளிவுறுத்துகிறார்கள். இதை நான் ஓதியிருந்தேன். பிறருக்கு ஓதிக் கொடுத்தும் இருந்தேன். அவ்வாறாயின், நான் வெயிலில் எரித்த சுருளில் இருந்த கல் தூணுக்கு உயிருண்டோ? ஹவுலின் படிக்கட்டுக்கு உயிருண்டோ? ரயிலடியின் ஓட்டுக்கூரைக்கு உயிருண்டோ? சட்டம் தடுக்காததை என் முரட்டுத்தனம் தடுத்தது. தடுத்துவிட்டு அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டியது. இதைவிடப் பெரிய குற்றம் எது?

மனிதர் உருவம் பற்றிய கேள்வி எஞ்சி நிற்கிறது. கேமராவால் எடுக்கப்படுவது, தடுக்கப்பட்ட உருவச் சமைப்பில் அடங்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் இதற்கெனவே ஒரு சிறுநூல் இயற்றி, கேமரா புதியதோர் உருவத்தைப் படைப்பதில்லை, இறைவன் படைத்த உருவத்தின் நிழலைத் தடுத்து நிறுத்தவே செய்கிறது என்று வாதிட்டு, அதை ஆகுமாக்கினார்கள். நிழற்படம் என்று நாம் தமிழில் இட்ட பெயரே அந்த வாதத்தைத் தாங்கி நிற்கிறது. பாரசீகத்தில் இதற்கு ‘அக்ஸ்’ என்று பெயர். கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் எதிரொளியைக் குறிக்கும் சொல் அது. வேறு பெரியோர்கள் இவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும் ஏற்காதோரும் தேவைக்கு விலக்களித்தனர். ஹஜ்ஜுக்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். இன்று அதை மறுத்து வீட்டிலிருக்கும் ஆலிம் ஒருவரையும் நான் அறியேன். அரசாங்க அலுவலர் நம்மை அடையாளங் காண்பது தேவையெனில், நம் பேரர்கள் நம்மை அடையாளங் காண்பது தேவையன்றோ?

நம் முன்னோரில் இதை உணர்ந்தோர் இருந்தனர். எகிப்தியப் படையின் பொறியாளரான முஹம்மது ஸாதிக் பே 1861-இல் மதீனா நகரைப் படமெடுத்தார். பின்னர் 1880-இல் ஹஜ்ஜுக் குழுவோடு சென்று மக்காவையும் எடுத்தார். அவ்விரு புனித நகரங்களின் முதல் நிழற்படங்களாக இன்று உலகம் போற்றுபவை ஒரு முஸ்லிம் எடுத்தவை. துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, தம் நாட்டின் பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள் முதலியவற்றைப் படமெடுக்கச் செய்து, 51 தொகுப்புகளில் 1,800-க்கு மேற்பட்ட படங்களை 1893-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்பினார். அவர் காலத்தில் 1900-இல் தொடங்கி 1908-இல் மதீனாவை எட்டிய ஹிஜாஸ் ரயில்பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை ஈந்தனர். அப்பாதையின் பணிகளும் நிலையங்களும் படங்களாய் நிலைத்துள்ளன. ஹிஜாஸின் பாலைவன நிலையம் எப்படியிருந்தது என்பதை நாம் இன்று காணலாம். நம் ஊர் ரயிலடி முப்பது ஆண்டுகளுக்கு முன் எப்படியிருந்தது என்பதைக் காண முடியவில்லை!

இரண்டாம் சாராரிடம் இனிப் பேசுவோம். இவர்கள் மேடையேறினால், கேமராவுக்கு வழிகோலியவரே நம் இப்னுல் ஹைதம் என்று முழங்குவர். பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பேரறிஞர், சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் ஒளியை ஆராய்ந்ததும், கிரகணத்தின் வடிவத்தை அவ்வாறே சோதித்ததும், ஒளியியலில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் பெருநூல் யாத்ததும் உண்மை. கேமரா என்னும் சொல்லே அரபு மொழியிலிருந்து வந்ததென்று சிலர் மேலும் ஒரு படி ஏறுவர், அது பிழை. அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. நான் கேட்பது இதுதான்: ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவரின் இருட்டறைக்கு உரிமை கொண்டாடும் நீங்கள், உங்கள் சட்டைப்பையிலுள்ள கருவியால் உங்கள் தெருவின் பழைய பள்ளியை ஒருமுறை எடுத்ததுண்டா? இன்று கைப்பேசி இல்லாத வீடில்லை. பிரியாணிச் சட்டியை நான்கு கோணத்தில் எடுக்கிறோம். சட்டியைச் சுமந்து வந்தவரை எடுப்பதில்லை. புதுப்பள்ளியின் திறப்புவிழாவை எடுக்கிறோம். சாரத்தின் மீதேறிக் குவிமாடத்துக்குச் சுண்ணம் பூசியவரை எடுப்பதில்லை.

நாம் எடுக்காதபோது பிறர் எடுத்தனர். எப்படி எடுத்தனர் என்பதையும் கருதவேண்டும். ஆங்கிலக் கும்பெனியின் படை அதிகாரியான லின்னேயஸ் டிரைப் என்பார் 1858-இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கட்டடங்களைப் பெருங்கருவியோடு சென்று எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்தாளாக ஒட்டவும் செய்தார். கல்வெட்டைப் படமெடுத்துக் காக்கலாம் என்னும் அறிவு நம் மண்ணில் அவ்வளவு பழையது. எங்களூர்த் தூண் உடைபட்ட 2007-ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு மூத்தது! ஆனால் அதே ஆட்சியார் மனிதரை எடுத்த முறை வேறு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக அவர்கள் வெளியிட்ட இந்திய மக்கள் பற்றிய படநூலில், மனிதர் பெரும்பாலும் இன்ன சாதி, இன்ன இனம் என்னும் மாதிரிகளாகவே நிறுத்தப்பட்டனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தலையையும் மூக்கையும் அளந்து, தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். லெப்பைகளும் மரைக்காயர்களும் அவற்றில் இடம்பெற்றுள்ளனர். நம்மைப் பற்றி நாம் எழுதி வைக்காததால், இன்றும் ஆராய்ச்சியாளர் அந்தத் தொகுதிகளையே முதலில் புரட்டுகின்றனர். நம் கடற்கரைப் பள்ளிவாசல்களை அளந்து, வரைபடமும் நிழற்படமும் சேர்த்து 2003-இல் விரிவான நூலொன்றைத் தந்தவரும் மெஹர்தாத் ஷுகூஹி என்னும் வெளிநாட்டறிஞரே. அவருக்கு நன்றி கூறுவோம். ஆனால் நாம் வெட்கப்படவும் வேண்டும்.

ஹதீதுக் கலையில் ஒரு சட்டமுண்டு. அறிவிப்பாளர் யாரென்று தெரியாவிடில் அவரை ‘மஜ்ஹூல்’ என்பர். அவர் வழியே வரும் செய்தி வலுவிழக்கும். சனது என்னும் அறிவிப்பாளர் தொடர் இல்லையேல், எவரும் எதையும் சொல்லிவிடலாம் என்பதை உணர்ந்த நம் இமாம்கள், ஒரு செய்தியைச் சரிபார்க்க நெடும்பயணம் சென்றனர். நிழற்படத்துக்கும் சனது வேண்டும். இதை எடுத்தவர் யார்? எந்நாளில்? எவ்விடத்தில்? இதில் நிற்பவர் பெயர் என்ன? அவர் கையிலுள்ள கருவிக்கு அவர் இட்ட பெயர் என்ன? இவை எழுதப்படாத படம் மஜ்ஹூலான படம். ஆங்கிலேயர் செய்த அதே பிழையை, பெயரின்றி ‘மீனவர்’ என்றும் ‘நெசவாளி’ என்றும் தலைப்பிட்டு நாமும் செய்தல் தகாது.

பாம்பன் பாலத்தை எண்ணிப் பாருங்கள். 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அந்தப் பழைய பாலம், இலங்கைக்குச் சென்ற நம் வணிகர்களைத் தலைமுறை தலைமுறையாய்த் தாங்கிற்று. வண்டியில் தனுஷ்கோடி வரை சென்று, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியோர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயலில் பயணிகள் வண்டி ஒன்று அலைக்கு இரையாயிற்று. தனுஷ்கோடி நிலையமும் துறையும் அழிந்தன. இன்று அங்கே இடிசுவரைப் படமெடுக்கச் சுற்றுலா வருவோர் ஏராளம். சுவர் நின்றிருந்த காலத்தில், அங்கு மூட்டை சுமந்தவரையும் தேநீர்க்கடை வைத்திருந்தவரையும் பெயரோடு எடுத்து வைத்தவர் எத்தனை பேர்?

சரி, அது பழங்கதை என்பீர்கள். பாலத்தின் கதை நேற்றையது. கப்பலுக்கு வழிவிட அப்பழைய பாலத்தின் நடுப்பகுதியைத் திறந்தது மின்விசையன்று. தொழிலாளர் பலர் சேர்ந்து தம் கைகளால் சுழற்றியே திறந்தனர். 2022 டிசம்பரோடு அப்பாலத்தில் வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் மின்பொறி அப்பகுதியை நேர் மேலாகத் தூக்குகிறது. பழைய பாலத்தின் படங்கள் கணக்கற்றவை. மாலை ஒளியில் வண்டி கடலின் மேல் செல்வதை எடுக்காதவர் இல்லை. ஆனால் உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள்: சுழற்றிய கைகளுள் ஒன்றேனும் அதில் உண்டா? உண்டெனில் அவர் பெயரை அறிவீர்களா? இரும்பு நினைவில் நிற்கிறது. இரும்பை இயக்கியவர் நினைவில் இல்லை.

இங்கே சிலர் மெல்லிய குரலில் ஒரு தடை கூறுவர். “நம் பாட்டனார் வண்டி இழுத்ததையும், தோல் ஊறவைத்ததையும், பீடி சுற்றியதையும் எதற்குப் படமெடுத்துப் பரப்ப வேண்டும்? இன்று நாம் நன்றாயிருக்கிறோம். அது நமக்கு இழுக்கன்றோ?” என்பர். மார்க்கம் அறிந்தோர் வாயில் வரத்தக்க சொல்லா இது? தாவூது நபி (அலை) அவர்கள் இரும்பைப் பழக்கிக் கவசம் செய்ததைத் திருக்குர்ஆன் சிறப்பித்துக் கூறுகிறது. ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சர் என்று ஹதீது கூறுகிறது. நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்ததைத் தாமே எடுத்துரைத்தார்கள். நபிமார் மறைக்காத உழைப்பை மறைக்க நாம் யார்? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்ட கைகள், மேலப்பாளையத்தில் தறி நெய்த கைகள், கீழக்கரைக் கடலில் சங்கு குளித்த கைகள்தாம் நம் மதரஸாக்களுக்குக் கல்லும் மண்ணும் கொடுத்தன. அக்கைகளை மறைப்போர் தம் வேரை மறைக்கின்றனர்.

இன்னொரு தடை மதிக்கத்தக்கது. உழைப்போரில் பாதிப் பேர் பெண்கள். அவர்களை அந்நியர் படமெடுப்பது முறையா? முறையன்று. பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து ஊறவைத்துப் பட்டுப்போல் பாய் நெய்யும் நம் சகோதரிகளின் பாயை உலகம் மெச்சுகிறது. அவர்கள் வீட்டினுள் கேமராவோடு நுழைய எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் கையிலேயே கருவி இருக்கிறதே! தாய் நெய்வதை மகள் எடுக்கட்டும். முகம் வேண்டாமென்று தாய் கூறினால், கையையும் தறியையும் கோரையையும் எடுக்கட்டும். அனுமதி கேட்டல் என்பது பெண்ணுக்கு மட்டும் உரிய மரியாதையன்று. வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கேட்கக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. ஒருவருடைய முகத்தை எடுக்குமுன் கேட்பதும் அதே ஒழுக்கத்தின் கிளை. உழைப்பாளி மறுத்தால் வணங்கி விலகுங்கள்; ஒப்பினால், எடுத்த படத்தில் ஒரு பிரதியை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். அது அவருடைய கூலி.

ரயில்நிலையத்தை எடுப்போருக்கும் ஒழுக்கம் உண்டு. நிலைய அதிகாரியிடம் சொல்லி அனுமதி பெறுங்கள். தடையென்று பலகை வைத்த இடத்தில் தடையை மதியுங்கள். தண்டவாளத்தில் நின்று, வரும் வண்டியைப் பின்னால் வைத்துத் தம்மையே படமெடுத்து உயிர் துறந்த இளைஞர்களின் செய்தியை நாம் படித்திருக்கிறோம். நான் கேட்பது அந்த வீரத்தையன்று. நடைமேடையின் கற்பலகையை, பழைய எடைத்தராசை, தண்ணீர்க்குழாயை, பச்சைக் கொடி பிடிப்பவரை, அவர் ஒப்பினால், எடுத்து வையுங்கள் என்பதையே.

எல்லாவற்றிலும் அவசரமானது பள்ளிவாசல். திருச்சி கோட்டை ரயில்நிலையத்தருகே ஒரு சிறு கல்லுப்பள்ளி உண்டு. ஹிஜ்ரி 116 என்னும் ஆண்டு அதன் கல்வெட்டிலுள்ளதாகக் கூறுவர். ரயிலுக்கு ஓடும் ஆயிரமாயிரம் பேர் அதை அறியாமலேயே கடக்கின்றனர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் தமிழ்நாட்டுச் சிற்பியின் உளியால், தமிழ்நாட்டுத் தூண்வடிவில், ஆனால் ஓர் உயிரின் உருவமும் இல்லாமல், பூவும் கொடியுமாகச் செதுக்கி எழுப்பிய இறையில்லங்கள் உள்ளன. ‘நீர் இந்த மண்ணுக்கு எப்போது வந்தீர்?’ என்று நம்மைப் பார்த்து வினவுவோர் பெருகியுள்ள காலம் இது. அவ்வினாவுக்கு நம் மேடைப் பேச்சு விடையாகாது. அந்தக் கல் விடையாகும். அந்தக் கல்லை நாமே உடைத்து ஜல்லியாக்கிவிட்டு, விடைக்கு எங்கே போவோம்?

இடிக்கவே கூடாதென்று நான் சொல்லவில்லை. தொழுவோருக்கு இடம் வேண்டும். மழை ஒழுகும் கூரையின் கீழ் எவரையும் நிறுத்த இயலாது. இயன்ற இடத்தில் பழையதைக் காத்துப் புதியதைப் பக்கத்தில் எழுப்புங்கள். இயலாத இடத்தில், முதற் கடப்பாரை விழுமுன் ஒரு வார காலம் தாருங்கள். நான்கு திசையிலிருந்தும் எடுங்கள். ஒவ்வொரு தூணையும் எண்ணிட்டு எடுங்கள். அருகில் ஓர் அளவுகோலை நிறுத்தி எடுங்கள். எழுத்துள்ள கல்லை, வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் எடுங்கள், எழுத்து தெளியும். அந்தக் கல்லை மட்டுமாவது உடைக்காமல் சுவரில் பதியுங்கள். பாங்கு சொன்ன மோதினாரை, ஹவுலில் நீர் நிரப்பியவரை, அவர்கள் பெயரோடு சேருங்கள். கைப்பேசியில் உள்ளது நிலைக்கும் என்று நம்பாதீர்கள். கைப்பேசி பழுதானால் அதுவும் வெயிலில் இட்ட சுருளே. அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலால் விவரம் எழுதி, ஒரு பிரதியை மதரஸா நூலகத்திலும் இன்னொன்றை வெளியூர் நூலகத்திலும் வையுங்கள். இதற்குப் பெருஞ்செலவில்லை, திறப்புவிழாவின் ஒரு வேளை விருந்துக்கு ஆகும் தொகை போதும்.

பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் நிலையைக் கண்டறியுமாறு திருக்குர்ஆன் மீண்டும் மீண்டும் ஏவுகிறது. காண்பதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தாலன்றோ நம் பின்னோர் அக்கட்டளையை நம் ஊரில் நிறைவேற்றுவர்?

அந்த மாணவர் இன்று வெளிநாட்டில் பொறியாளர். சென்ற ஆண்டு ஊர் வந்தபோது என்னைக் காண வந்தார். புதுப்பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு வெளித்திண்ணையில் அமர்ந்தோம். நானே அந்த நாளை எடுத்து, மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சுருளின் விலையைத் தருகிறேன் என்றும் கூறினேன். அவர் சிரித்தார்.

“விலை வேண்டாம் ஹஜ்ரத். அந்தச் சுருளில் வடக்குத் தூண்கள் எல்லாம் இருந்தன. உங்களுக்கு நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள்; அது போதும்” என்றார்.

அன்றிரவு எழுத அமர்ந்தேன். தூண்கள் எத்தனை? பதினாறா, இருபதா? அடிப்பாகம் சதுரமா, எண்கோணமா? எழுத்திருந்த தூண் மிஹ்ராபிலிருந்து எத்தனையாவது? ஒன்பது ஆண்டுகள் நாள்தோறும் ஐவேளை நான் நின்று தொழுத இடம் அது. ஒன்றுக்கும் என்னால் உறுதியாக விடை எழுத முடியவில்லை. பாய் முடைந்தவர் பெயரும் பாயிண்ட்ஸ்மேனின் பெயரும் மட்டும் நினைவிலிருந்தன, அவ்விரண்டையும் எழுதினேன். மறுநாள் விசாரித்தபோது, பாயிண்ட்ஸ்மேன் இன்னும் உயிரோடிருப்பதாகவும், மகன் வீட்டில் பக்கத்து ஊரில் இருப்பதாகவும் அறிந்தேன். இன்ஷா அல்லாஹ், வரும் வாரம் என் பேரனையும் அவன் கைப்பேசியையும் அழைத்துக்கொண்டு அங்கே போகிறேன். முதலில் அனுமதி கேட்பேன்.

உங்களூரில் அப்படி ஒருவர் இருப்பார். நீங்களும் போங்கள்.